ரீஃபண்டில் பங்கு கேட்கும் ஆடிட்டர்

ஜூன் பிறந்தால் எங்கள் பக்கம் மின்கம்பங்களில் இரண்டு வகை நோட்டீஸ் ஏறிவிடும். ஒன்று டியூஷன் சென்டர். இன்னொன்று, 'ஐடி ரிட்டர்ன் ஃபைல் செய்து தரப்படும், அதிகபட்ச ரீஃபண்டுக்கு அணுகவும்'. கீழே ஒரு செல் நம்பர் மட்டும் இருக்கும். ஆள் பெயர் கிடையாது, ஆபீஸ் விலாசம் கிடையாது. கூப்பிட்டு ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டால், "ரீஃபண்ட் வந்தா அதுல பத்து பர்சென்ட் குடுங்க சார், வரலைன்னா நயா பைசா வேணாம்" என்பார்கள். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! வேலை நடந்தால் காசு, நடக்காவிட்டால் இல்லை. கொத்தனார்கூட இப்படி ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்.

அந்தப் பத்து பர்சென்ட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் இல்லை. மணலியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வருஷக்கணக்கில் கணக்கு எழுதியவன். இப்போது மீஞ்சூர், வள்ளூர் பக்கம் தெரிந்தவர்கள், தெரிந்தவருக்குத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேருக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். சிக்கலாக எதுவும் வந்தால் ராயபுரத்தில் இருக்கும் ஒரு சி.ஏ.விடம் அனுப்பிவிடுவேன். ஆகவே இதில் எனக்கும் பிழைப்பு இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

வள்ளூரைத் தெரியாதவர்களுக்கு: சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர் என்று வரும் அல்லவா, அந்தப் பக்கம். மூன்று 500 மெகாவாட் யூனிட்களோடு நிற்கும் வள்ளூர் அனல் மின் நிலையம், என்.டி.பி.சி.யும் தமிழ்நாடு மின்வாரியமும் சேர்ந்து கட்டியது. அந்தப் பக்கம் வட சென்னை அனல் மின் நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம். இந்தப் பக்கம் மணலி. நடுவில் லாரி, லாரி, லாரி. சாம்பல் ஏற்றும் பல்கர், கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லர், நிலக்கரி டிப்பர். பட்டமந்திரியில் ரோட்டைக் கடக்க நிற்கும் நேரத்தில் ஒரு கணக்கைப் பாதி முடித்துவிடலாம்.

இந்த ஊரில் வரிக் கணக்கு என்றால் மூன்று விதமான ஆட்கள்தான். சொந்த லாரிக்காரர்கள். கான்ட்ராக்டர் கீழே வேலை பார்ப்பவர்கள். நிலம் கொடுத்து நஷ்டஈடு வாங்கியவர்கள். மளிகைக் கடை, மெஸ், டயர் கடை எல்லாம் உண்டு. அவர்கள் கதை சின்னது, பின்னால் சொல்கிறேன்.

2025 ஜூலை 14-ஆம் தேதி நடந்தது பலருக்கு மறந்திருக்கும். வருமான வரித் துறை நாடு முழுக்க ஒரே நேரத்தில் சுமார் 150 இடங்களில் சோதனை போட்டது. பெரிய நகைக்கடையோ சினிமா கம்பெனியோ இல்லை. ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் ஆட்களும் அவர்களின் புரோக்கர்களும்தான் குறி. மகாராஷ்டிரம், டெல்லி, குஜராத், பஞ்சாப், மத்தியப் பிரதேசம் ஆகியவற்றோடு தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. குற்றச்சாட்டு என்ன? கொடுக்காத வாடகைக்கு எச்.ஆர்.ஏ., கட்டாத மெடிக்கல் இன்சூரன்சுக்கு 80டி, வாங்காத கல்விக் கடனுக்கு 80இ, பெயர்கூடத் தெரியாத கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாக 80ஜிஜிசி. இப்படிப் பொய்க் கழிவுகளை ஏற்றி, ரீஃபண்ட் வாங்கி, அதில் கமிஷன் பார்த்தார்கள் என்பது. மாட்டியவர்களில் பன்னாட்டு கம்பெனி ஊழியர், பொதுத்துறை ஊழியர், அரசு ஊழியர், கல்லூரிக்காரர்கள் என்று எல்லாரும் இருந்ததாகத் துறையே அறிக்கை விட்டது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் தாங்களாகவே முன்வந்து, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றதாகவும் அதே அறிக்கை சொன்னது.

அந்த அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்டது கோடிக்கணக்கு இல்லை, ஒரு சின்ன விவரம். இந்த ஏஜென்ட்கள் மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக ஈமெயில் முகவரிகளை உண்டாக்கி, சீசன் முடிந்ததும் அப்படியே கைவிட்டுவிடுகிறார்களாம். துறை அனுப்பும் நோட்டீஸ் அந்த அநாதை மெயிலில் போய் விழுகிறது. பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் ஓடிவிட்டான். வரி கட்ட வேண்டியவருக்கு விஷயமே தெரியாது. நம்ம மின்கம்ப நோட்டீசில் செல் நம்பர் மட்டும் இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

சரி, பர்சென்ட்டுக்கு வருவோம்.

ரீஃபண்ட் என்பது அரசு தரும் இனாம் இல்லை. உங்கள் கையிலிருந்து டிடிஎஸ்ஸாக ஏற்கெனவே பிடித்த காசில், கட்ட வேண்டியது போக மிச்சம். உங்கள் வருமானம் இவ்வளவு, சட்டப்படி வரி இவ்வளவு, பிடித்தது இவ்வளவு என்றால் திரும்ப வரவேண்டியது ஒரே ஒரு எண்தான். நல்ல ஆளிடம் போனாலும் அதே எண், சுமாரான ஆளிடம் போனாலும் அதே எண். அந்த எண் பெரிதாகப் பெரிதாகத் தன் கூலியும் ஏறும் என்ற ஆளை உட்கார வைத்தால், அவர் எதைப் பெரிதாக்கப் பார்ப்பார்? வருமானம் ஃபார்ம் 16-இல் இருக்கிறது, மாற்ற முடியாது. டிடிஎஸ் 26ஏஎஸ் படிவத்தில் இருக்கிறது, மாற்ற முடியாது. மிஞ்சுவது கழிவுகள் மட்டும். இங்கே நான் யாருடைய யோக்கியதையையும் பேசவில்லை, கூலி முறையைத்தான் பேசுகிறேன். 1949-ஆம் வருஷத்து சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டமே, லாபத்தில் இத்தனை சதவீதம் என்றோ முடிவைப் பொறுத்து என்றோ ஒரு சி.ஏ. கூலி பேசுவதைத் தொழில் ஒழுங்கீனம் என்கிறது. அனுமதித்த சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் சம்பளக்காரரின் ரீஃபண்டில் பங்கு அதில் வராது. எழுபத்தைந்து வருஷத்துக்கு முன்பே யாரோ யோசித்திருக்கிறார்கள். நோட்டீஸ் ஒட்டுபவர் சி.ஏ. இல்லை என்பதால் அந்தச் சட்டம் அவரைத் தொடாது, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை மொத்த வருமானம் இருந்தால், 87ஏ தள்ளுபடி போக வரியே கிடையாது. சம்பளக்காரருக்கு 75,000 நிலையான கழிவு தனி. ஆக 12,75,000 வரை சம்பளத்துக்கு வரி பூஜ்யம். பொய்க் கழிவெல்லாம் பழைய முறையில்தான் செல்லும். வருஷம் ஒன்பது லட்சம் வாங்கும் ஒரு ஆபரேட்டருக்கு ஏதாவது டிடிஎஸ் பிடித்திருந்தால், ஒரு பொய்யும் சொல்லாமல், புதிய முறையில் ரிட்டர்ன் போட்டாலே முழுசும் திரும்பி வந்துவிடும். அப்படித் தானாக வரும் பணத்தில் பத்து பர்சென்ட் எதற்கு? ஆன்லைனில் ஃபார்ம் 16-ஐப் பார்த்து ஏழெட்டுக் கட்டம் சரிபார்த்ததற்கா? அதற்கு ஒரு நியாயமான கூலி உண்டு. அது ரீஃபண்ட் 5,000 ஆனாலும் 50,000 ஆனாலும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

இனி லாரிக்காரர்கள். இங்கேதான் நான் கொஞ்சம் நிற்கப்போகிறேன்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வள்ளூர்க்காரர் ஒருவர் மஞ்சப்பையோடு வந்தார். அறுபதை ஒட்டிய வயசு. பத்து சக்கர லாரி இரண்டு, ஒன்று டியூவில். பையைக் கவிழ்த்தார். ஆர்.சி. புக் இரண்டு, இன்சூரன்ஸ், எஃப்.சி. தாள், டீசல் பில் ஒரு கத்தை, ரப்பர் பேண்டில் டோல் ரசீது, புக்கிங் ஆபீஸ் கொடுத்த டிடிஎஸ் சான்றிதழ் இரண்டு, நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகை. பத்திரிகையை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, ஆர்.சி. புக்கை மட்டும் கையில் எடுத்தேன்.

"டீசல் பில்லு பாக்கலியா தம்பி?"

"வேணாம்ணே."

"எது வேணாமா? அதுக்குத்தான மூணு நாளா ஊட்டம்மா அடுக்கி வெச்சுது."

அண்ணனுக்கு 44ஏஇ-யைப் பற்றி யாரும் சொன்னதில்லை. வருஷத்தில் எந்த நேரத்திலும் பத்து சரக்கு வண்டிக்கு மேல் வைத்துக்கொள்ளாதவருக்கான பிரிவு அது. கணக்குப் புத்தகம் வேண்டாம், பில் வேண்டாம். ஆர்.சி. புக்கில் மொத்த எடை என்று ஒரு எண் இருக்கும். 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டி என்றால் டன்னுக்கு மாசம் 1,000 ரூபாய் வருமானம் என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. அதற்குக் கீழே இருந்தால் வண்டிக்கு மாசம் 7,500. அண்ணன் வண்டி ஒவ்வொன்றும் 28 டன். மாசம் 28,000, வருஷம் 3,36,000. இரண்டு வண்டிக்கு 6,72,000. கணக்கு முடிந்தது. டீசல், டயர், டிரைவர் பேட்டா, தேய்மானம் எல்லாம் இதற்குள் அடக்கம். தனியாகக் கழிக்க முடியாது. உண்மையில் இதைவிட அதிகம் சம்பாதித்திருந்தால் அந்த அதிகத்தைத்தான் காட்ட வேண்டும். குறைவாகத்தான் வந்தது என்று சொல்ல வேண்டுமானால் புத்தகம் எழுதி, ஆடிட் செய்து நிரூபிக்க வேண்டும். (வழிச்செலவு என்று டிரைவர்கள் எழுதிக்கொண்டு வரும் சில செலவுகளுக்கு எப்படி எழுதினாலும் எந்தப் பிரிவிலும் கழிவு கிடையாது. லாரிக்காரர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும்.)

"ஒரு வண்டி நாலு மாசம் ஒர்க்ஷாப்புல நின்னுச்சு தம்பி. ஓடாத மாசத்துக்கும் சேத்தா?"

சேர்த்துத்தான். வண்டி ஓடியதா என்று சட்டம் கேட்பதில்லை, உங்கள் பேரில் இருந்ததா என்றுதான் கேட்கிறது. மாசத்தில் ஒரு நாள் இருந்தாலும் முழு மாசக் கணக்கு. டியூ முடியாமல் ஃபைனான்ஸ்காரன் பேர் ஆர்.சி.யில் ஏறியிருந்தாலும், தவணை கட்டி வண்டியை வைத்திருப்பவர்தான் ஓனர். இதைச் சொன்னதும் அண்ணன் முகம் சுருங்கியது. டியூ கட்டும்போது ஓனர் இல்லை, வரிக்கு மட்டும் ஓனரா என்றார். பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

அதற்கு முந்தின வருஷம் அவருக்கு ரிட்டர்ன் போட்டது ஒரு நோட்டீஸ்காரர். எடுத்துப் பார்த்தேன். சாதாரண வியாபாரிக்கான 44ஏடி-யில், வாடகை வரவு 38 லட்சம், அதில் 6 சதவீதம் லாபம் என்று 2,28,000 காட்டியிருந்தார். முதலில், 44ஏஇ-க்குள் வரும் லாரித் தொழிலை 44ஏடி-யில் போடவே முடியாது. இரண்டாவது, புக்கிங் ஆபீஸ் 194சி பிரிவில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்த 38,000 ரூபாய் முழுசும் ரீஃபண்ட் வந்தது. அதில் 3,800 கமிஷன். அண்ணனுக்கு சந்தோஷம். ஆனால் சரியான முறையில் 6,72,000 காட்டியிருந்தாலும் அதே 38,000 முழுசாக வந்திருக்கும். அந்த வருஷம் புதிய முறையில் 7 லட்சம் வரை தள்ளுபடி இருந்தது. வருமானத்தைக் குறைத்துக் காட்டியதால் அவருக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகவில்லை.

நஷ்டம் வேறு இடத்தில். மூன்றாவது வண்டிக்கு பேங்க் லோன் கேட்டுப் போனபோது மூன்று வருஷ ரிட்டர்ன் கேட்டார்கள். வருஷத்துக்கு இரண்டே கால் லட்சம் சம்பாதிக்கும் ஆளுக்கு எந்த மேனேஜர் லாரி லோன் கொடுப்பார்? கடைசியில் தனியார் ஃபைனான்ஸில், அதிக வட்டியில் வாங்கினார். வரித் திட்டமிடல் என்று பெரிய வார்த்தையாகச் சொல்கிறோமே, சின்ன லாரிக்காரருக்கு அது பெரும்பாலும் இதுதான்: வரி வராத எல்லைக்குள் இருக்கும் உண்மையான வருமானத்தை முழுசாகக் காட்டி, அந்த ரிட்டர்னை லோனுக்குப் பயன்படுத்துவது.

இன்னும் ஒன்று. அந்த 1 சதவீதத்தைப் பிடிக்கவே வேண்டியதில்லை. பத்து வண்டிக்கு மேல் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பேன் எண்ணோடு புக்கிங் ஆபீசில் கொடுத்தால் 194சி-யிலேயே விலக்கு இருக்கிறது. ஒரே ஒரு தாள். புக்கிங் ஆபீசில் இருந்த காலத்தில் அந்தத் தாளை நானே அச்சடித்து மேஜையில் வைத்திருந்தேன்; எடுத்து நிரப்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். 38,000 ரூபாய் வருஷம் முழுக்க டீசலுக்குக் கையில் இருந்திருக்க வேண்டியது. ரீஃபண்டாக வாங்கி அதில் பங்கு கொடுப்பதைவிட, பிடிக்கவிடாமல் இருப்பது நல்லதில்லையா? இதை எந்த பர்சென்ட்காரரும் சொல்லித் தர மாட்டார். சொன்னால் அடுத்த வருஷம் அவருக்கு வேலை போய்விடும்.

பேன்-ஆதார் இணைக்காதவர்கள் கதை இதைவிட மோசம். 2023 ஜூலை 1-லிருந்து இணைக்காத பேன் செயலிழந்தது. அப்படிப்பட்டவருக்கு 1 சதவீதம் இல்லை, 20 சதவீதம் பிடிக்க வேண்டும். அத்தோடு பேன் உயிர்பெறும் வரை ரீஃபண்டும் வராது. 1,000 ரூபாய் கட்டி இணைக்கும் வேலையைத் தள்ளிப்போட்டு, லட்சக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஆர்.சி.யில் 55 டன் என்றால் வண்டிக்கு வருஷம் 6,60,000. இரண்டு வண்டி வைத்தால் 13,20,000. 12 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வரி 78,000, செஸ் சேர்த்து 81,120. இங்கே உடனே வரும் யோசனை, 'ஒண்ண ஊட்டுக்காரம்மா பேர்ல போட்டுடு'. போடலாம். அவர் அப்பா வீட்டு நகையை விற்றோ, சொந்த சம்பாத்தியத்திலோ, அவர் பேரில் கடன் வாங்கி அவரே அடைத்தோ வாங்கியிருந்தால் அந்த வருமானம் அவருடையது. நீங்கள் பணத்தைக் கொடுத்து அவர் பேரில் வாங்கினால், வருமானத்தைத் திரும்ப உங்கள் தலையிலேயே சேர்த்துவிடுவார்கள். பேங்க் ஸ்டேட்மென்டில் பணம் வந்த வழி தெரிந்துவிடும்.

வரி பூஜ்யம் என்றால் ரிட்டர்ன் போட வேண்டாம் என்றும் நினைக்காதீர்கள். தள்ளுபடி வேறு, அடிப்படை விலக்கு வேறு. 2025-26-க்கு புதிய முறையில் அடிப்படை விலக்கு 4 லட்சம்தான். அதைத் தாண்டினால் வரி வராவிட்டாலும் தாக்கல் செய்தே ஆகவேண்டும்.

ஜிஎஸ்டி பற்றியும் கேட்பார்கள். சரக்கு ஏற்றும் டிரான்ஸ்போர்ட் ஏஜென்சிக்கு வண்டியை வாடகைக்கு விடுவது விலக்கு பெற்ற சேவை. வேறு தொழில் இல்லாத, ஒரு வண்டி இரண்டு வண்டிக்காரர் இதற்காக ஜிஎஸ்டி நம்பர் வாங்க வேண்டியதில்லை. யாரோ சொன்னார்கள் என்று எடுத்துவைத்துவிட்டு, மாசாமாசம் 'நில்' ரிட்டர்ன் போட மறந்து, நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த ரோட்டில் நிறைய.

கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வருவோம். மின் நிலையமோ துறைமுகமோ தொழிற்சாலையோ, வேலை அதே இடம், அதே ஷிஃப்ட், அதே கேட் பாஸ் வரிசை. டெண்டர் மாறினால் கம்பெனி பேர் மட்டும் மாறும். வருஷ நடுவில் மாறினால் இரண்டு ஃபார்ம் 16 வரும். இதில் ஒரு குழி இருக்கிறது. கொஞ்சம் நல்ல சம்பளம் வாங்கும் ஒரு ஃபோர்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கான்ட்ராக்டரிடம் ஆறரை லட்சம், அடுத்தவரிடம் ஏழரை லட்சம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே வரிக்குள் வராது என்று இருவரும் டிடிஎஸ் பிடிக்கவில்லை. சேர்த்தால் 14 லட்சம். நிலையான கழிவு 75,000 ஒரே ஒரு முறைதான். மிச்சம் 13,25,000-க்கு வரி செஸ்ஸோடு 81,900, முன்கூட்டிக் கட்டாததற்கு வட்டி தனி. ஜூலையில் இதைச் சொன்னால் ஆள் நம்ப மாட்டார், என்னிடம் ஏதோ தப்பு என்று வேறு ஆளைத் தேடிப் போவார். அந்த வேறு ஆள் ஒரு ஃபார்ம் 16-ஐ மட்டும் போட்டு 'வரி இல்ல சார்' என்று அனுப்பிவைப்பார். ஆனால் இரண்டு கம்பெனி கொடுத்த சம்பளமும் துறையிடம் இருக்கிறது. புதுக் கான்ட்ராக்டரிடம் சேரும்போதே பழைய சம்பள விவரத்தை எழுதிக் கொடுத்தால் மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்திருப்பார்கள்.

கம்பெனி மாறும்போது பி.எஃப்.பை எடுத்துச் செலவு செய்வதும் இங்கே வழக்கம். ஐந்து வருஷ சர்வீஸ் ஆகாமல் 50,000 அல்லது அதற்கு மேல் எடுத்தால் 10 சதவீதம் பிடிப்பார்கள். எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றினால் பழைய வருஷங்களும் சேர்ந்துகொள்ளும். பெண் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று வரும்போது யாரும் இதை யோசிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

நிலம் கொடுத்தவர்கள் விஷயத்தில் நான் கை வைப்பதே இல்லை, நேரே சி.ஏ.விடம் அனுப்பிவிடுவேன். காரணம், 2013-ஆம் வருஷத்து மத்திய நிலம் எடுப்புச் சட்டத்தில் கிடைத்த நஷ்டஈட்டுக்கு வருமான வரி இல்லை என்று 2016-இல் நேரடி வரிகள் வாரியமே சுற்றறிக்கை போட்டிருக்கிறது. ஆனால் உங்கள் நிலத்தை எந்தச் சட்டத்தில், எந்த முறையில் எடுத்தார்கள், விவசாய நிலமா மனையா என்பதைப் பொறுத்து விடை மாறும். அவார்டு காப்பியைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இது ஒருவர் ஆயுசில் ஒரு முறை வரும் பணம். இதற்கு சி.ஏ. கேட்கும் ஃபீஸ் அதிகம் என்று யோசித்து, மின்கம்பத்து நம்பரைக் கூப்பிடாதீர்கள்.

கடைக்காரர்களுக்கு இரண்டு வரி: 44ஏடி-யில் விற்பனை 2 கோடி வரை (ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை), பேங்க் வழியாகவும் யூபிஐ-யிலும் வந்ததற்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் லாபம் காட்டினால் போதும். கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு வழியாக வந்தது முழுக்க உங்கள் பேங்க் கணக்கில் பதிவாகியிருக்கிறது, அதைவிடக் குறைவான விற்பனை காட்டாதீர்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், மேலே சொன்ன பிரிவு எண்களெல்லாம் இனி மாறும். 2025-26 வரையிலான வருமானத்துக்குப் பழைய 1961 சட்டம்தான். 'சட்டமே மாறிடுச்சு, பழைய ரிட்டர்னெல்லாம் இனி யாரும் பாக்க மாட்டாங்க' என்று ஒரு புரளி டீக்கடைகளில் ஓடுகிறது. பார்ப்பார்கள்.

யாரிடம் கொடுத்தாலும் சில விஷயங்களை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்கம்டாக்ஸ் போர்ட்டலில் உங்கள் ப்ரொஃபைலைத் திறந்து, அதில் இருக்கும் மொபைலும் ஈமெயிலும் உங்களுடையதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் மாற்றுங்கள், பாஸ்வேர்டையும் சேர்த்து. மெயில் பார்க்கத் தெரியாதென்றால் பிள்ளைகள் மெயிலைக் கொடுங்கள், ஏஜென்ட் மெயிலை வேண்டாம். ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் ஓடிபி வழியாக உறுதி செய்ய வேண்டும். செய்யாத ரிட்டர்ன் போடாத ரிட்டர்ன். போட்ட ரிட்டர்னின் முழுக் காப்பியை வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு பக்க ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அதில் கழிவுகள் என்ற பகுதியைப் படியுங்கள். நீங்கள் கொடுக்காத நன்கொடை அங்கே உட்கார்ந்திருந்தால், கையெழுத்து உங்களுடையது, பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள்? இருக்கிறார்கள், எனக்கே மெசேஜ் போடுகிறார்கள். நோட்டீஸ் வரும் வரை காத்திருந்தால், தவறான தகவல் கொடுத்ததற்காக, ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் வரலாம். அதற்கு முன்பே அப்டேட்டட் ரிட்டர்ன் போட்டால் வரி, வட்டி, அதற்கு மேல் கூடுதலாக ஒரு பங்கு. முதல் வருஷத்துக்குள் 25 சதவீதம், இரண்டாவது வருஷத்தில் 50, மூன்றாவதில் 60, நான்காவதில் 70. தாமதிக்கத் தாமதிக்க ஏறும்.

திருவொற்றியூர் பக்கம் இருக்கும் ஒரு தம்பி இப்படித்தான் வந்தான். கல்விக் கடன் வாங்காமலே 80இ, வாடகை வீட்டில் இல்லாமலே எச்.ஆர்.ஏ. மொத்தம் 40,000 ரூபாய் ரீஃபண்ட், அதில் 6,000 கமிஷன். ராயபுரம் சி.ஏ. உட்கார்ந்து பழைய கணக்கைத் திருத்திப் போட்டார். 40,000-ஐ வட்டியோடும் கூடுதல் பங்கோடும் கட்டினான். சி.ஏ.வின் ஃபீஸ் தனி. அந்த ஏஜென்ட் நம்பருக்கு இப்போதும் போன் போட்டுப் பார்க்கிறான், ஸ்விட்ச் ஆஃப். 6,000-ஐத் திருப்பிக் கேட்க ஏதாவது ஃபார்ம் இருக்கிறதா அண்ணா என்று என்னைக் கேட்டான். இல்லை என்றேன். போர்ட்டலில் அவன் ப்ரொஃபைலைத் திறந்து ஈமெயிலை மாற்றிக் கொடுத்தேன். பழைய மெயிலின் பேர் ஏதோ நாலெழுத்தும் எட்டு எண்ணும்.